உடம்பு சரியில்லை

பிப்ரவரி 4, செவ்வாய். சென்னை

வெறும் வயிற்றில் 148. புது டாக்டர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார்: சர்க்கரை, சாப்பாடு, நடை, மனநிலை. மனநிலையை எல்லாம் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். "எழுதுங்க பிரகாசம், உங்களுக்கே உங்களப் புரியும்" என்றார். அறுபத்தொரு வயதில் எனக்கு என்னைப் புரிந்து என்ன ஆகப் போகிறது? ஆனால் என் மனைவி அமலோற்பவம் நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டாள். அவள் வாங்கிக் கொடுத்த ஒன்றை உபயோகிக்காமல் பாண்டிச்சேரியில் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது.

பதினொரு மணிக்கு விமான நிலையம். முப்பது வருஷமாகப் பிரெஞ்சுக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். பெயர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, வருகிற ஆள் கோவில் கேட்பாரா, பட்டுப்புடவை கேட்பாரா, பாட்டில் தண்ணீரைப் பற்றிப் புலம்புவாரா என்று சொல்லிவிடுவேன். இன்று கணக்கு தப்பிவிட்டது. மதாம் ஒதீல், வயது அறுபத்தெட்டு, நாந்த் நகரத்தில் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்னை மூன்று நாள், பெங்களூரு மூன்று நாள், மும்பை நான்கு நாள். ஏஜென்சி அனுப்பிய காகிதத்தில் இவ்வளவுதான் இருந்தது. காரில் ஏறியதும் என் கோவில் பட்டியலை ஆரம்பித்தேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார்.

"நான் பார்க்க வந்தது இவனை மட்டும்தான்."

போட்டோவில் இருந்தது நம் ஊர் ஆள். கறுப்பு, சுருட்டை முடி, முன்பல் இரண்டுக்கும் நடுவே சின்னச் சந்து. போன தடவை இந்தியா வந்தபோது கார் ஓட்டிய டிரைவரா என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, அவர் முந்திக்கொண்டார். "என் மகன் மத்தியூ."

சென்னையில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து பதினொரு மாதக் குழந்தையாகத் தத்தெடுத்தாராம். இப்போது முப்பத்தாறு வயது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பிறந்த நாட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று டிசம்பர் கடைசியில் தனியாக வந்திருக்கிறான். ஜனவரி ஒன்பதாம் தேதி சென்னையிலிருந்து பேசியதுதான் கடைசி. மறுநாள் பெங்களூரு, அப்புறம் மும்பை, இருபதாம் தேதி அங்கிருந்து விமானம். விமானத்தில் அவன் ஏறவில்லை. தூதரகத்துக்கு எழுதினார், போலீசுக்கு எழுதினார், பதிலுக்குக் காத்திருந்து அலுத்துப்போய்த் தானே கிளம்பி வந்துவிட்டார். மகன் போகத் திட்டமிட்ட அதே மூன்று ஊர்கள்.

"கிடைத்துவிடுவார் மதாம்" என்றேன். எங்கள் தொழிலில் விருந்தாளியிடம் இல்லை என்று சொல்வது கிடையாது. மியூசியம் பூட்டியிருந்தால், அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது என்போம். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நடை: இல்லை. மனநிலை: சுமார்.

பிப்ரவரி 5, புதன்

155. இரண்டு இட்லி, சாம்பார்.

எழும்பூரில் மத்தியூ தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனோம். மேனேஜர் போட்டோவைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். "இவுரா? பத்து நாள் இருந்தாரு சார். தமிழ்ல கேட்டா இங்கிலீசுல பதில் சொல்வாரு. ரொம்பத்தான் பிகு பண்றான்னு எங்காளுங்க பேசிக்குவாங்க. பாஸ்போர்ட்ட எடுத்து நீட்டுன அப்பறந்தான் பாரின்காரருன்னே தெரிஞ்சுது."

மதாம் என் முகத்தைப் பார்த்தார். "உங்கள் மகன் மிகவும் மரியாதையானவர் என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். அதில் என்ன குறைந்துவிடப் போகிறது? பத்தாம் தேதி காலையில் பையை மாட்டிக்கொண்டு சென்ட்ரலுக்கு நடந்தே கிளம்பினானாம். அதை மட்டும் அப்படியே சொன்னேன்.

மத்தியானம் மதாம் சாப்பாட்டைத் தொடவில்லை. மகன் கடைசியாகப் பேசியதைச் சொன்னார். "அம்மா, இங்கே தெருவில் யாருமே என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை" என்றானாம். அவ்வளவு சந்தோஷமாக அவன் பேசி அவர் கேட்டதே இல்லையாம்.

பிப்ரவரி 6, வியாழன்

171. போலீஸ் ஸ்டேஷன். எஸ்.ஐ. தணிகைவேல் நல்ல மனிதர். மதாமுக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். என்னை மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேசினார். வெளியே வந்ததும் மதாம், "என்ன சொன்னார்?" என்று கேட்டார். விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், பெங்களூரிலும் கேட்டுப் பார்க்கச் சொல்கிறார் என்றேன்.

சாயங்காலம் செருப்பு வார் அறுந்தது, தைத்துக்கொண்டேன். நாளைக்குப் பெங்களூரு ரயில். எதையும் மாற்றத் தேவையில்லை. நடை அரை மணி நேரம். ராத்திரி சாப்பிடவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி. பெங்களூரு

வந்து சேர்ந்தோம். சர்க்கரை பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

203. ஹோட்டலில் காலைப் பலகாரத்துக்கு முன்னால் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மதாம் அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "மத்தியூவிடமும் இதுதான்."

பன்னிரண்டு வயதிலிருந்தே அவனுக்குச் சர்க்கரையாம். ஒரு நாளைக்கு நாலு ஊசி, எல்லாம் வயிற்றில். "சர்க்கரை இறங்கினால் குடித்தவன் மாதிரி உளறுவான். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு ஆசிரியரிடமும் போய்ச் சொல்லி வைத்திருந்தேன், அவனைத் திட்டாதீர்கள், ஒரு சாக்லெட் கொடுங்கள் என்று."

நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

வியாழக்கிழமை எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எஸ்.ஐ. சொன்னது இது. "அந்தம்மா முன்னாடி வேணாம்னுதான் சார் உங்களக் கூப்ட்டேன். போன மாசம் பத்தாந்தேதி சென்ட்ரல் பக்கத்துல ஒரு பாடி எடுத்தோம். பை, பர்ஸ், போன் ஒண்ணும் இல்ல. விழுந்து கெடந்தவர்கிட்ட இருந்து எவனோ எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிருக்கான். பாக்க நம்மாளு மாதிரியே இருந்தாரு, அதனால வெளிநாடுன்னு யாருக்கும் தோணல. முன்பல்லுல சந்து இருக்கு. வயித்துல ஊசி குத்துன புள்ளி புள்ளியா இருக்கு. போதை கேஸா இருக்கும்னு எழுதி வச்சிருக்காங்க. பக்குவமா சொல்லி, கூட்டிட்டு வந்து காமிச்சிடுங்க. ஒரு மாசம் ஆயிடுச்சு. திங்கக்கெழம வரைக்கும்தான் வைப்பாங்க. அப்பறம் பொதைச்சிடுவாங்க."

பல்லில் சந்து ஆயிரம் பேருக்கு இருக்கும் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊசித் தழும்பு ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த அம்மாள் வளர்த்த பிள்ளை போதை ஊசி போடுகிறவனாக இருக்க மாட்டான், ஆகவே அது அவன் இல்லை. அந்தத் தெம்பில்தான் ரயில் ஏறினேன். நானும் தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறவன்தான். என் சட்டையைத் தூக்கிப் பார்த்திருந்தால் வியாழக்கிழமையே தெரிந்திருக்கும்.

இன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாள் முழுக்க அல்சூரில் தெருத் தெருவாகப் போட்டோவைக் காட்டிக்கொண்டு நடந்தோம். ஒரு தமிழ் டீக்கடைக்காரர் மதாமின் முகத்தைப் பார்த்துவிட்டு, போட்டோவைச் சரியாகப் பார்க்காமலே சொன்னார். "பாத்த மாதிரிதான் இருக்கு. நல்லாத்தாம்மா இருப்பான், வந்துருவான்." அவர் என்ன சொன்னார் என்று மதாம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சொன்னேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் பூசைக்குப் போகாமல் அமலோற்பவத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நாலு நாளாவா நெஞ்சுல வச்சிக்கிட்டு இருக்கீங்க?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல அமலு."

"நேரா போட்டு ஒடைக்காதீங்க. பாவம், தெரியாத ஊர்ல தனியா கெடக்குது. ஒடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரில சேத்திருக்காங்கன்னு சொல்லிக் கூட்டியாங்க. அதுலயே புரிஞ்சிக்கும். மனசத் தேத்திக்க வழியில நேரம் கெடைக்கும்ல."

சரியென்று பட்டது. நம் பக்கம் யார்தான் சாவை நேராகச் சொல்கிறோம்? என் அப்பா இறந்தபோது நான் ஆக்ராவில் ஒரு குழுவோடு இருந்தேன். "அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, ஒடனே கெளம்பி வா" என்று மாமா போன் செய்தார். "எப்ப மாமா எடுக்குறீங்க?" என்றுதான் நான் கேட்டேன். "நாளைக்கு மூணு மணி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். "மதாம், எஸ்.ஐ. போன் செய்தார். மத்தியூவுக்கு உடம்பு சரியில்லை. சென்னையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நாம் திரும்பிப் போக வேண்டும்." குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பார்க்காமல், எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படித்தான் சொன்னேன். நம் ஊர்ப் பெண்ணாக இருந்தால் அந்த நிமிஷமே மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.

மதாம் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இருக்கிறான்! உயிரோடு இருக்கிறான்!"

எந்த வார்டு, நினைவு இருக்கிறதா, இன்சுலின் விஷயம் அவர்களுக்குத் தெரியுமா என்று மூச்சு விடாமல் கேட்டார். எனக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நாந்திலிருக்கும் மகளைக் கூப்பிட்டு, "உன் தம்பி கிடைத்துவிட்டான், உடம்புக்குத்தான் முடியவில்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பக்கம் மகள் கத்தியது எனக்கே கேட்டது. ஒரே வாக்கியம் போதும், அந்தச் சந்தோஷத்தை எடுத்துவிடலாம்.

உடனே டாக்சி பிடித்துப் போகலாம் என்றார். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள், காலை ரயிலில் போகலாம் என்றேன். இதுவும் பொய்தான். சாயங்காலம் கடைக்குப் போய் இரண்டு பைஜாமா, ஒரு ஷேவிங் செட், ஒரு துண்டு வாங்கினார். பைஜாமா பருத்தியில்தான் வேண்டும், ஆஸ்பத்திரியில் வியர்க்கும் என்று நாலு கடை ஏறி இறங்கினார். பையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 10, திங்கள். சென்னை

ஆறு மணி ரயில். காட்பாடியில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காட்பாடி வந்தபோது மதாம் மடியில் பைஜாமாப் பையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. அரக்கோணத்தில் விழித்துக்கொண்டு, மகன் சின்ன வயதில் கீரையைப் பாட்டுப் பாடித்தான் சாப்பிடுவான் என்று சொல்ல ஆரம்பித்தார். சென்ட்ரல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டே கால். பிணவறை பின்பக்கம் என்று போர்டே இருக்கிறது. நான் ஆண்கள் வார்டுப் பக்கம் திரும்பினேன். இன்னும் ஒரு கால் மணி நேரம் அவர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேனா, எனக்குத்தான் அந்தக் கால் மணி நேரம் வேண்டியிருந்ததா?

கால் மணி நேரம் மூன்று மணி நேரமாக ஆகிவிட்டது. ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் போட்டோவைக் காட்டினார். ஒவ்வொரு நர்சும் என்ன பெயர், எந்த வார்டு, என்றைக்குச் சேர்த்தது என்று கேட்டார்கள். மூன்றாவது மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் மதாமின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் புள்ளையா? போன வாரம் இங்கதான் இருந்திச்சு, நல்லாயி வூட்டுக்குப் போயிருக்கும்" என்றார். மதாம் என்னைப் பார்த்தார். அதையும் மொழிபெயர்த்தேன்.

மூன்றே காலுக்குக் கீழே இறங்கினோம். எதிரே எஸ்.ஐ. தணிகைவேல் பைலோடு வந்துகொண்டிருந்தார்.

"இப்பத்தான் வர்றீங்களா சார்? ரெண்டு மணிக்கே வண்டி எடுத்துட்டாங்களே! வியாழக்கெழமையே படிச்சுப் படிச்சு சொன்னேன்ல?"

பிறகு மதாமைப் பார்த்துக் கை கூப்பி, அவருக்குப் புரிகிற அளவுக்கு எளிய இங்கிலீஷில் நேராக அவரிடமே சொன்னார்: உங்கள் மகனுக்காக வருந்துகிறேன் அம்மா, உடலை அடக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள், உங்கள் வழிகாட்டியிடம் வியாழக்கிழமையே தெரிவித்திருந்தேன். என்னைத் தாண்டி ஒரு வார்த்தை அவரிடம் போனது இதுதான் முதல் தடவை.

எஸ்.ஐ. உடனே யாருக்கோ போன் செய்து பார்த்தார். "அடக்கம் முடிஞ்சிருச்சாம் சார்" என்றார் என்னிடம்.

மதாம் கத்தவில்லை, விழவில்லை. என் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் ஒரே வார்த்தைதான் கேட்டார். "வியாழக்கிழமையா?"

"ஆமாம்."

"நான் மூன்றாவது மாடியில் இருந்தபோது அவன் இங்கேதான் இருந்தானா?"

"ரெண்டு மணி வரைக்கும், மதாம்."

என் கையிலிருந்த பைஜாமாப் பையை அவரே வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஏஜென்சிக்காரர்கள் வேறு மொழிபெயர்ப்பாளரை அனுப்புகிறோம் என்றார்களாம். வேண்டாம், இவரே இருக்கட்டும் என்று மதாம் சொல்லிவிட்டார். காலையில் காரில் என்னிடம் சொன்னது: "இனி ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது. உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம்." சரி என்றேன்.

ஸ்டேஷனில் போட்டோக்களைக் காட்டினார்கள். ஒரு மாதமான உடல். நான் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டேன், அவர் பார்த்தார். போட்டோவில் முன்பல் சந்தின் மேல் விரலை வைத்து, "இவன்தான்" என்றார். வளர்த்த தாய் என்பதால் ரத்தம் எடுத்துப் பயனில்லை, நாந்திலிருந்து அவனுடைய பல் ரிப்போர்ட்டை வரவழைக்கச் சொன்னார்கள். தோண்டி எடுக்கக் கோர்ட் உத்தரவு வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்று எஸ்.ஐ. சொன்னதை அப்படியே சொன்னேன்.

பைலில் ஒரு டீக்கடைக்காரரின் வாக்குமூலம் இருந்தது. அதையும் படிக்கச் சொன்னார். "காலை ஒன்பது மணிவாக்கில் மேற்படி நபர் தள்ளாடியபடி என் கடைக்கு வந்தார். கை நடுங்கியது. மிட்டாய் பாட்டிலுக்குள் கையை விட்டார். என்னய்யா வேணும் என்று கேட்டதற்கு ஏதோ பாஷையில் உளறினார். தமிழில் சொல் என்றேன். நம்ம ஆள், குடித்துவிட்டு நடிக்கிறான் என்று நினைத்து, கையைத் தட்டிவிட்டு விரட்டிவிட்டேன்." இந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். ஒரு மிட்டாய் வாயில் போட்டால் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்.

"நிறுத்தாதீர்கள்" என்றார் மதாம்.

"அவர் போய்ச் சுவரோரமாகப் படுத்தார். பதினொரு மணி வரைக்கும் தூங்குகிறார் என்றே நினைத்தேன்."

எங்கள் ஊர்க்காரன் ஒருவன் எங்கள் ஊரில் செத்திருக்கிறான், எங்கள் முகத்தோடு பிறந்த ஒரே காரணத்தால். வெள்ளைக்காரனாக இருந்திருந்தால் நூறு பேர் ஓடி வந்திருப்பார்கள். நானும் ஓடியிருப்பேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

மயானத்துக்குப் போனோம். அங்கே குழி வெட்டும் பாண்டுரங்கம் எங்களை ஓரமாக ஒரு புது மண் பகுதிக்குக் கூட்டிப் போனார். பக்கத்துப் பக்கத்தில் மூன்று மேடுகள், மூன்றும் ஒரே அளவு. மதாமின் கையில் வழியில் வாங்கிய ஒரு முழம் மல்லிகை இருந்தது. பாண்டுரங்கம் நடு மேட்டைக் கையால் காட்டினார். மதாம் அதை நோக்கி நடந்துவிட்டார்.

பாண்டுரங்கம் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு மூணு பாடி சார், ஒரே வண்டில வந்துச்சு. நம்பர் பலக மறாநாள்தான் குடுத்தாங்க. எது யாருதுன்னு எனக்கே தெரியாது. நடுவுல கீறதுதான் ஒம் புள்ளன்னு சொல்லிடு சார். வயசான பொம்பள, ஒரு நிம்மதியோட ஊருக்குப் போவட்டும்."

மதாம் குனிந்து பூவை வைக்கப் போனவர் நிமிர்ந்தார். "என்ன சொல்கிறார்?"

சொன்னேன். ஒரே வண்டியில் மூன்று உடல்கள், பலகை மறுநாள் வந்தது, எது யாருடையது என்று அவருக்கே தெரியாது, நடுவில் இருப்பதுதான் உங்கள் மகன் என்று உங்களிடம் சொல்லிவிடச் சொல்கிறார். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவர் முதல் மேட்டைப் பார்த்தார், மூன்றாவதைப் பார்த்தார், திரும்ப நடுவில் இருப்பதைப் பார்த்தார். பூவை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவர் அழுது நான் பார்த்தது இப்போதுதான். எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று தெரியாமல் அழுதார். நான் கிட்டே போகவில்லை. போக எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

வெகு நேரம் கழித்துத் தலையைத் தூக்காமலே சொன்னார். "இதை மட்டுமாவது மறைத்திருக்கலாமே, பிரகாசம்."

"என்னா சார் சொல்லுது அந்தம்மா?" என்று பாண்டுரங்கம் கேட்டார். அதையும் அவருக்கு அப்படியே சொன்னேன்.